பழுதான போனுக்கு யார் பொறுப்பு: கடையா, கம்பெனியா, சர்வீஸ் சென்டரா?

வாங்கி நாலே மாதமான போன். காலையில் அலாரம் அடிக்கிறது. அணைக்கலாமென்று விரலை வைத்தால் திரை அசையவில்லை. முதலில் போவது வாங்கிய கடைக்குத்தான். பில்லைக்கூடப் பார்க்காமல் பதில் வருகிறது: "விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது. வாரண்டி கம்பெனியோடது, சர்வீஸ் சென்டருக்குப் போங்க." அங்கே டோக்கன் வாங்கி, காத்திருந்து, முறை வந்ததும் கவுண்டரில் இருப்பவர் சிம் தட்டை வெளியே எடுத்துவிட்டு அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார். "தண்ணி போயிருக்கு, வாரண்டியில வராது." கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தால், "சர்வீஸ் சென்டர் என்ன சொல்றாங்களோ அதுதாங்க." மூன்று இடம் ஏறி இறங்கியாயிற்று. மூவரும் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: நாங்கள் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூவரில் யாரும் முழுப்பொய் சொல்லவில்லை. தன் தலையில் இல்லாத பொறுப்பைப் பற்றி ஒவ்வொருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். தன் தலையில் இருப்பதைப் பற்றித்தான் வாய் திறப்பதில்லை.

குழப்பத்தின் வேர் 'வாரண்டி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. இரண்டு வேறு சங்கதிகளுக்கு நாம் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மன்காரர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'கெவேர்லைஸ்டுங்' என்றால் விற்றவர் மீது சட்டமே சுமத்துகிற பொறுப்பு. அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது இருக்கும். 'காரன்டீ' என்றால் ஒருவர் தானாக முன்வந்து தரும் வாக்கு. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் கம்பெனி அட்டை இரண்டாம் வகை. நாம் இந்த இரண்டாவதைத்தான் வாரண்டி என்கிறோம். முதலாவது என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

முதலாவதிலிருந்து பார்ப்போம். பணம் கடையின் கல்லாவில் விழுந்தது, பில் கடையின் பெயரில் இருக்கிறது. ஆக, ஒப்பந்தம் உங்களுக்கும் கடைக்கும் இடையில்தான். விற்கிற பொருள் அதற்குரிய தரத்தோடு இருக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கியிருக்கும் நிபந்தனை. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இது நூற்றாண்டு கடந்த கருத்து. இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் அதைத்தான் பேசுகிறது. தயாரித்த கம்பெனியோ அந்த ஒப்பந்தத்தில் ஆளே இல்லை. அதன் பெயர் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கலாம், ஆனால் நீங்கள் அதனிடம் எதையும் வாங்கவில்லை. (கம்பெனியே நடத்தும் கடையிலோ அதன் சொந்த இணையதளத்திலோ வாங்கியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்கு விற்றவரும் தயாரித்தவரும் ஒருவரே.)

ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தயாரிப்பாளரை நேராகப் பிடிக்கலாம் என்ற வழியைத் திறந்தது ஒரு நத்தை. 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் மே டோனஹியூ என்ற பெண் குடித்த இஞ்சி பியர் பாட்டிலில் அழுகிய நத்தை கிடந்தது என்பது வழக்கு. பாட்டிலுக்குக் காசு கொடுத்தவர் உடன் வந்தவர். டோனஹியூவுக்கும் கடைக்கும்கூட ஒப்பந்தம் கிடையாது. ஆனாலும் தயாரிப்பாளருக்கு நுகர்வோர்மீது கவனக் கடமை உண்டு என்று 1932இல், அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. உடம்புக்கோ மற்ற உடைமைக்கோ கேடு வந்தால்தான் அது பயன்படும். பேட்டரி தீப்பிடித்துக் கை வெந்தால் கம்பெனியை நேரே கேட்கலாம். போன் ஆன் ஆகாமல் சும்மா கிடந்தால் இந்த வழி உதவாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிப்பவர்கள் 'தீங்கு' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தையும் படிக்க வேண்டும்: அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அந்த அத்தியாயக் கணக்கில் சேராது.

ஆன் ஆகாத போனுக்குக் கம்பெனியை நேராகக் கேட்க அந்த வாரண்டி அட்டைதான் கைப்பிடி. அதை எழுதியவரும் கம்பெனியே என்பதால் நிபந்தனைகளும் அதன் இஷ்டம். போனுக்கு ஓராண்டு என்றால் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் பெரும்பாலும் ஆறே மாதம். கீழே விழுந்தால் இல்லை, தண்ணீர் பட்டால் இல்லை, வேறு நாட்டில் வாங்கியதென்றால் பல கம்பெனிகளில் இல்லை. மாற்றித் தரும் பாகம் புதிதாக இல்லாமல், செப்பனிட்டதாக இருக்கலாம் என்றும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இவையெல்லாம் கம்பெனி தன் வாக்குக்குப் போட்டுக்கொண்ட வேலிகள். விற்றவரின் சட்டப் பொறுப்பு அந்த வேலிக்குள் அடங்காது.

அந்தச் சட்டப் பொறுப்பு எவ்வளவு நீளம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு, அதுவும் விற்றவர் தலையில். 1999இல் வந்த விதி இது. இதன் புதிய வடிவம் 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. முதல் ஓராண்டுக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்று சட்டமே வைத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. சாப்ட்வேர் அப்டேட்டும் இந்தப் பொறுப்பில் சேர்ந்துவிட்டது. அப்டேட்டை எழுதுவது எங்கோ இருக்கும் கம்பெனிதான், ஆனாலும் வாங்கியவருக்கு அது வந்து சேர்கிறதா என்பதற்கு விற்ற கடை பதில் சொல்ல வேண்டும். கடைக்காரர் பாவமில்லையா என்று தோன்றலாம். அவர் தனக்குச் சரக்கு தந்தவரிடம் போய் அதை வசூலித்துக்கொள்ள அதே விதி வழி வைத்திருக்கிறது. சங்கிலியின் மேல்முனையைத் தேடிப் பிடிக்கும் வேலை வாங்கியவருக்கு வேண்டாம், விற்றவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் நோக்கம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மொத்த வியாபாரியின் தொலைபேசி எண் கடைக்காரரிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

இத்தாலியில் 2011இல் ஆப்பிள் நிறுவனத்துக்கு அந்நாட்டுப் போட்டி ஆணையம் 9 லட்சம் யூரோ அபராதம் போட்டது இந்த இரண்டு வாரண்டிகளுக்கும் இடையிலான குழப்பத்துக்காகத்தான். இரண்டாண்டு சட்டப் பொறுப்பைப் பற்றி வாடிக்கையாளரிடம் முறையாகச் சொல்லாமல், தன் ஓராண்டு வாரண்டியையும் காசு கட்டி அதை நீட்டிக்கும் திட்டத்தையும் முன்னால் வைத்தது என்பது குற்றச்சாட்டு. சும்மா கிடைக்க வேண்டியதில் ஒரு பகுதி விலைக்கு விற்கப்பட்டது என்று பொருள்.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் விற்றவரையே பிடிக்கிறது. பழுதான பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகென்றால் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ விற்றவருக்கு ஒரு வாய்ப்பு. கவனியுங்கள், ஒரே வாய்ப்பு. அதிலும் சரியாகாவிட்டால் விலையில் கழிவோ பணமோ கேட்கும் உரிமை வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பழுது பெரிதென்றால் பணமா, மாற்றுப் பொருளா என்று தீர்மானிப்பவர் வாங்கியவர். "கம்பெனியிடம் போ" என்று கடை துரத்த முடியாது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கும் 'லெமன் சட்டம்' (பழுதான பொருளுக்குப் பேச்சுவழக்கில் 'லெமன்' என்று பெயர்) ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுதை விற்றவர் கணக்கில் எழுதுகிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்பவர் மீதான உத்தரவாதமும் உண்டு, தயாரிப்பாளர் மீதானதும் உண்டு. இலங்கையில் உத்தரவாதத்தை மீறிய பொருள் பற்றிய முறைப்பாட்டை, உத்தரவாதம் தந்தவர் உற்பத்தியாளரானாலும் வியாபாரியானாலும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விசாரிக்கலாம்.

அமெரிக்கா கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம் யாரையும் வாரண்டி கொடு என்று கட்டாயப்படுத்துவதில்லை. எழுதிக் கொடுத்தால் அதை ஒழுங்காக, புரியும்படி எழுது, அதைக் காட்டி, எழுதாமலே சட்டம் தரும் மறைமுக உத்தரவாதங்களை மறுக்காதே என்கிறது. அதனால் அங்கே எழுதிக் கொடுத்த கம்பெனியைப் பிடிப்பதே நடைமுறை.

இந்தியச் சட்டத்தில் ஒரு சிறிய சொல் பெரிய வேலை செய்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் 'வணிகர்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் விற்பவர், வினியோகிப்பவர் ஆகியோரோடு தயாரிப்பாளரையும் சேர்த்துவிட்டது. ஆகவே குறைபாடுள்ள போனுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூன்றையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பதே வழக்கம். தீர்ப்புகள் ஒரே மாதிரி வருவதில்லை. சில ஆணையங்கள் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்று எழுதும். அப்படியென்றால் முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம். வேறு சில, பழுது தயாரிப்பிலேயே இருந்தது, கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமல் விற்றவர் என்று சொல்லி அவரை விடுவித்துவிடும். எவர்மீது விழும் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் வழக்கறிஞர்கள் மூவரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒருவரை விட்டுவிட்டால், அந்த விட்டுப்போனவர்தான் பொறுப்பு என்று மற்றவர்கள் வாதாடுவார்கள்.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கும் வரிக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. இணையத்தில் வாங்கியவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும்: தளத்தில் கடை விரித்திருக்கும் விற்பனையாளர் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. அந்தத் தளம் வெறும் சந்தை. பில்லில் உள்ள பெயர்தான் விற்பனையாளர். பலர் ஆர்டர் போட்ட செயலியின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். பில்லைத் திறந்து பார்த்தால் கேள்விப்பட்டிராத ஒரு பெயர் இருக்கும். அவர்தான் உங்கள் கடைக்காரர்.

இனி சர்வீஸ் சென்டர். வாசலில் கம்பெனியின் பலகை, உள்ளே கம்பெனியின் சட்டை அணிந்த ஊழியர்கள். ஆனால் பல இடங்களில் அதை நடத்துவது ஒப்பந்தம் எடுத்த வேறொரு நிறுவனம். வாரண்டியில் ஒரு போனைச் சரிசெய்தால் அதற்கான பாகமும் கூலியும் கம்பெனியிடமிருந்து வர வேண்டும்; அதற்குப் படமும் அறிக்கையும் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். 'இது வாரண்டியில் வராது' என்று கம்பெனி திருப்பிவிட்டால் செலவு அவர்கள் தலையில். அதே போனை 'வாரண்டி இல்லை' என்று பதிந்து உங்களிடம் பணம் வாங்கிச் சரிசெய்தால் அந்தத் தொல்லை இல்லை. சந்தேகத்தின் பலன் ஏன் வாடிக்கையாளருக்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவே பாதி விளக்கம். கவுண்டரில் இருப்பவரைத் திட்டிப் பயனில்லை, அவர் கையில் அதிகாரம் குறைவு. அவர் கம்பெனியின் கை. அந்தக் கை செய்ததற்கும் செய்யாததற்கும் வாக்குக் கொடுத்த கம்பெனியே பதில் சொல்ல வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தாரே, அது எதை? சிம் துளைக்குள்ளோ உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையின் மீதோ ஒட்டியிருக்கும் ஒரு சின்ன வெள்ளைத் தாள்பொட்டு. தண்ணீர் பட்டால் சிவப்பாகும். ஈரம் எட்டியது என்று மட்டும்தான் அது சொல்லும்; எப்போது, எவ்வளவு என்று சொல்லாது. திரையின் பழுதுக்கு அந்த ஈரம்தான் காரணமா என்றும் சொல்லாது. என் போனில் ஒருமுறை ஸ்பீக்கர் கரகரத்தபோது இதே பொட்டைக் காட்டித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். "ஈரத்தால்தான் ஸ்பீக்கர் போனது என்று எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொண்டு போகிறேன்" என்றேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தவர், ஜாப் ஷீட்டில் (போனை வாங்கிக்கொண்டு பழுதைக் குறித்துத் தரும் சீட்டு) 'வாரண்டி' என்று டிக் அடித்தார். எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாயால் சொல்வதை எழுதித் தரச் சொன்னால் பேச்சின் சுருதி இறங்குவதை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் கம்பெனிகளின் இரட்டை நாக்குக்கு அதிகாரபூர்வ சாட்சிகளே உண்டு. விளம்பரத்தில் போன் நீச்சல் குளத்தில் மிதக்கும். வாரண்டி அட்டையில் நீர்ச்சேதம் விலக்கு. ஐபி68 என்ற தூசு, நீர் புகாத் தரம் ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் சோதித்துத் தருவது, குளோரின் கலந்த நீருக்கும் கடல் நீருக்கும் அது பேசாது. இத்தாலி 2020இல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்ததும், ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022இல் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் விதித்ததும் இப்படிப்பட்ட நீர்ப்புகா விளம்பரங்களுக்காகவே.

வெளியே பழுதுபார்த்த போன் இன்னொரு நிரந்தரத் தகராறு. "வெளியில ஓப்பன் பண்ணியிருக்கீங்க, வாரண்டி போச்சு" என்பது வேதவாக்கு போலச் சொல்லப்படும். அமெரிக்கச் சட்டத்தில் அது அவ்வளவு எளிதில் செல்லாது. எங்கள் பாகம், எங்கள் ஆள் என்றால்தான் வாரண்டி என்று கட்டிப்போடக் கூடாது. 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி ரத்து' என்ற பாணி வாசகங்களுக்காக 2018 ஏப்ரலில் அந்நாட்டு வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் இன்னும் பெரிய அடி விழுந்தது. ஐபோனில் 'எரர் 53' என்று வந்து போன் செத்துப்போனவர்களிடம், நீங்கள் வெளியாளிடம் சரிசெய்தீர்கள், உங்களுக்கு எந்தத் தீர்வும் இல்லை என்று சொன்னதற்காக ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். வெளியாள் திரையை மாற்றியது திரையைப் பற்றிய வழக்காகலாம், அதைச் சாக்காக வைத்து மொத்த உரிமையையும் பறிக்க முடியாது. மற்ற நாடுகளில் இவ்வளவு தெளிவான விதி எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே வாரண்டிக் காலம் முடியும்வரை வெளியே கொடுக்காமல் இருப்பதே தலைவலி குறைந்த வழி.

எத்தனை முறை பழுதுபார்க்க விடலாம் என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலான சண்டைகள் முதல் பழுதில் தொடங்குவதில்லை, மூன்றாவதில்தான் தொடங்குகின்றன. முதலில் சாப்ட்வேர் ஏற்றிக் கொடுப்பார்கள். பத்து நாளில் திரும்ப வரும். அடுத்து டிஸ்ப்ளே மாற்றுவார்கள். பிறகு மதர்போர்டு. பிரிட்டனில் இரண்டாவது வருகைக்கே இடமில்லை. இந்தியச் சட்டத்தில் இத்தனை முறை என்று எண் கிடையாது. ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்று ஜாப் ஷீட்டுகளை அடுக்கிக் காட்டினால், அது தயாரிப்புக் குறைதான் என்ற முடிவுக்கு ஆணையம் வர அவையே சான்றாகின்றன. தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம்; வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம், கம்பெனியின் தலைமையகம் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

அதனால்தான் ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பது போனைவிட முக்கியம். மூன்று முறை போனீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் 'செக்கிங்' என்று ஒரே சொல்லைக் கிறுக்கித் தந்திருந்தால் உங்களிடம் ஒன்றுமே இல்லை. 'டச் வேலை செய்யவில்லை, மூன்றாம் முறை' என்று எழுதியிருந்தால் அதுவே பாதி வழக்கு. கொடுத்த தேதி, எடுத்த தேதி இரண்டும் வேண்டும். போன் அவர்கள் அலமாரியில் கிடந்த நாட்களை வாரண்டியோடு கூட்டிக் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் 2026 ஜூலை 31 முதல் நடப்புக்கு வரும் பழுதுபார்ப்பு விதியில், சட்டப் பொறுப்புக் காலத்தில் மாற்றுப் பொருள் கேட்காமல் பழுதுபார்க்கச் சம்மதித்தவருக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதே விதி, அந்தக் காலம் முடிந்த பிறகும் நியாயமான கட்டணத்தில் பழுதுபார்த்துத் தரும் கடமையைத் தயாரிப்பாளர் மீது ஏற்றுகிறது. செல்போனும் அதில் அடக்கம்.

கையில் வாங்கி வைத்துக்கொண்ட போனைப் பத்திரமாகத் திருப்பித் தரும் பொறுப்பு மட்டும் சர்வீஸ் சென்டரின் சொந்தப் பொறுப்பு. திரை நல்லபடி போய்க் கீறலோடு வந்தால் கடையையோ கம்பெனியையோ தேட வேண்டாம், அவர்களையே கேட்கலாம். கொடுக்கும்போது நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சு வளராது. உள்ளே இருக்கும் படங்களும் எண்களும் அழிந்தால் பொறுப்பில்லை என்று படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், அதனால் நகல் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது கடைசியில்தான். போனையே மாற்றித் தந்தாலும் மதர்போர்டை மாற்றித் தந்தாலும் ஒவ்வொரு போனுக்கும் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் பெரும்பாலும் மாறிவிடும். உங்கள் பில்லில் இருப்பதோ பழைய எண். அடுத்த முறை பழுதென்று போய் நின்றால், "இந்த பில் இந்த போனுக்கு இல்லையே" என்பார்கள். அப்போது நீங்கள் மறுபடி முதல் கவுண்டரில் நிற்பீர்கள். கவுண்டரை விட்டு நகரும் முன் *#06# அழுத்தி வரும் எண்ணைப் பார்த்து, பழைய எண்ணுக்குப் பதில் இந்த எண் என்று டெலிவரி சீட்டில் எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள்.